ஏல எண் நூற்று எழுபத்து மூன்று

பெண்டிகோ நகரமன்றக் கூடம்.
மடக்கு நாற்காலிகள், காகிதக் கோப்பையில் ஆறிய தேநீர்,
வெளியே டிராம் ஒன்று மணியடித்துப் போகிறது.
கண்ணாடிக்கு அடியில் விக்டோரியா,
கூந்தலில் பேங்சியா.
இந்த மண்ணை மிதிக்காமலே
இந்த மண்ணின் தழை சூடியவள்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று. சிட்னி அக்கசாலை.
'குறையில்லை' என்கிறது ஏலக் குறிப்பேடு.

குறை நான்தான்.

பத்தொன்பது வருடம் முன்பு, எச்சுக்காவிலிருந்து
டிராக்டர் விற்கும் டன்ஸ்டன் வந்தார்.
என் பல் பட்டறை மேசைமேல் கைக்குட்டையைப் பிரித்தார்.
காசின் உச்சியில் ஓட்டை.
எவளோ கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறாள்.
"நகைக்கடைக்குப் போனால் ஊர் பேசும்.
நீ வாயடைக்கிற தொழிலில் இருக்கிறவன்."
நான் சிரித்தேன்.
அப்போது என் காரின் நாலு டயரும் வழுக்கை.

நிறம் ஒத்துவர மூன்று முறை உருக்கினேன்,
செம்பைக் கூட்டி, குறைத்து, கூட்டி.
ஊசிமுனையளவு தீ.
அடைத்தேன். தேய்த்தேன்.
'சிட்னி'யின் கடைசி எழுத்து
ஓட்டையோடு போயிருந்தது. நானே வெட்டினேன்,
வலது கிளை மயிரிழை சாய்ந்துவிட்டது.
டன்ஸ்டன் பார்க்கவில்லை.
முந்நூறு டாலர். டயர் மாற்றினேன். மறந்துவிட்டேன்
என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு பெண்,
செவிலியர் சீருடைமேல் ஸ்வெட்டர்,
இரவு வேலை முடித்து நேரே வந்த கண்கள்.
முதல் நாணயம் போலிருக்கிறது.
அட்டையைத் தூக்கும்போதெல்லாம்
கண்ணை மூடிக்கொள்கிறாள்.
நாலாயிரம். நாலரை.
தாடிக்காரர் ஒருவர் கையை விரித்துவிட்டார்.

எழுந்து சொல்லியிருக்கலாம்,
அம்மா, அது அக்கசாலை எழுத்தில்லை, என் எழுத்து என்று.
நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது,
பல்லுக்கு அச்செடுக்கும் மாவை
வாய் நிறைய வைத்ததுபோல்.
கைதான் உயர்ந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
ஐந்து. ஆறு. ஏழரை.
என் சட்டையை, வாட்சை, காலணியை அளந்தாள்,
இவனுக்கு எதற்கு இது என்று.
ஒன்பதாயிரத்து நானூறில்
அட்டையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.
சுத்தியல் விழுந்தது.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
தரகுப் பணம் தனி.

"எத்தனை சவரன்?" என்றாள் பூங்கோதை.
"ஒன்று."
"ஒன்று?"
"சவரன் என்று நாம் எடை சொல்கிறோமே,
அந்தச் சொல்லே இந்தக் காசின் பேர்தான்,
கப்பலேறி வந்து நம் வாயில்..."
அவள் குக்கரைத் திறந்து
நீராவியிடம் முகத்தைக் கொடுத்தாள்.
ஒன்பது சவரன் வாங்கியிருக்கலாம் என்று
அவள் சொல்லவில்லை. சோற்றைக் கிளறினாள்.

இரவு பட்டறையைத் திறந்தேன்.
உருப்பெருக்கியில் முதலில் மரகதக் கறைபோல் ஏதோ,
என் கண்ணிமை நிழல்.
பிறகு எழுத்து.
சாய்வைத் தேடினேன். கிளை நேராக நிற்கிறது.
விளக்கை இடம் மாற்றினேன். நேராகத்தான்.
காசைத் திருப்பி வைத்தேன், தலைகீழாக, பக்கவாட்டில்.
மூச்சுப் பட்டு மங்கியது, துடைத்தேன்.
அவ்வளவு சுத்தமாகவா செய்தேன்?
அல்லது இவள் ஓட்டையே படாதவளா,
நான்தான் பத்தொன்பது வருடமாய்
எல்லா விக்டோரியாவின் உச்சியிலும்
என் ஊசியைப் பார்க்கிறேனா?
தராசு ஏழு புள்ளி ஒன்பது ஆறு கிராம் என்றது.
அதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது,
யாரையும் விடுவிக்கவும்.

ராணி எனக்கு முகம் கொடுக்கவில்லை.
அவள் எப்போதும் இடப்பக்கம் பார்ப்பவள்.

இது வேறொருத்தி என்றால்
என்னுடையவள் இன்னும் வெளியே இருக்கிறாள்,
ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியில்,
'குறையில்லை' என்ற சீட்டோடு.

அடுத்த ஏலம் மார்ச்சில், பேலரட்டில்.
பல் அச்சுகள் கொடுக்க வேண்டிய தேதிகளுக்கு நடுவே
பென்சிலால் குறித்துக்கொண்டேன்.